மானியம் 78,000 வந்தாச்சு, ஆனால் அந்த 9,065 ரூபாயைப் பற்றித்தான் பேசணும்

வணக்கம் மக்களே. இன்று இன்ட்ரோ மியூசிக் எல்லாம் கிடையாது, நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். வீட்டு மாடியில் போட்ட சோலாருக்கு மானியம் வந்துவிட்டது. 78,000 ரூபாய், ஒரே தவணையில், அம்மா கணக்கில். நேற்று சாயந்திரம் மெசேஜ் வந்ததும் அம்மா போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, "இது தொட்டா பணம் போயிடுற மெசேஜாடா?" என்று கேட்டார். பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

மொட்டை மாடியை டேப் வைத்து அளந்த வீடியோவிலிருந்து கூடவே வருபவர்களுக்குக் கதை தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டம். 2024 பிப்ரவரி 13 அன்று தொடங்கியது. இலக்கு ஒரு கோடி வீடுகள், ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். வீட்டுக் கூரையில் சோலார் போட்டால் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. அதற்கு மேல் பைசா கிடையாது. ஐந்து போட்டாலும் பத்து போட்டாலும் அதே 78,000 தான்.

விற்க வருபவர்கள் இந்தக் கடைசி வரியை மட்டும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இடம் நிறைய இருக்கு சார், அஞ்சு கிலோவாட் போட்டுடலாம்" என்றார். இடம் இருக்கிறதா என்று யார் கேட்டது? எங்கள் பில்லைப் பாருங்கள் என்று அட்டையை நீட்டினேன். வெயில் காலத்தில், இரண்டு ஏசி ஓடினால் கூட, இரண்டு மாதத்துக்கு 700 யூனிட்டைத் தாண்டியதில்லை. நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட் என்றால் 12. அறுபது நாளுக்கு 720. போதும், மேலேயே போய்விட்டது.

சரி, அந்த கொட்டேஷன். எனக்கு எரிச்சல் வரவைத்த விஷயம் இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மேலே பெரிய எழுத்தில் "மானியம் போக உங்கள் விலை" என்று போட்டிருந்தது. இது துணிக்கடைத் தள்ளுபடி இல்லை மக்களே, பில்லிலேயே கழிவதற்கு. முழுப் பணத்தையும் முதலில் நீங்கள் கட்ட வேண்டும், அல்லது கடன் வாங்க வேண்டும். பேனல் ஏறி, நெட் மீட்டர் (நாம் லைனுக்குக் கொடுத்தது, எடுத்தது இரண்டையும் அளக்கும் மீட்டர்) மாட்டி, மின்வாரியத்திலிருந்து வந்து பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் மானியம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை அந்த 78,000 உங்கள் கையிலிருந்து போன பணம். மானியத்தைக் கழித்து எழுதிய கொட்டேஷன் எதையும் நான் படிக்கவே மாட்டேன், மடித்துக் கொடுத்துவிடுவேன். கழிக்காத விலையை எழுதச் சொல்லுங்கள், அப்போதுதான் இரண்டு பேரை ஒப்பிட முடியும்.

எழுதி வாங்கினேன். அடிப்படை விலை 1,85,000. கீழே ஜிஎஸ்டி 13.8 சதவீதம். இங்கேதான் என் கண் நின்றது. ரூஃப்டாப் சோலார் ஒப்பந்தத்தில் 70 சதவீதம் பொருள், 30 சதவீதம் சேவை என்று வைத்து வரி போடுவார்கள். சேவைக்கு 18 சதவீதம். பொருளுக்கு முன்பு 12 இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகக் குறைந்துவிட்டது. கணக்குப் போட்டால் மொத்தத்தில் 8.9 வருகிறது, 13.8 என்பது பழைய விகிதம். வித்தியாசம் 9,065 ரூபாய்! கேட்டேன். "சிஸ்டத்துல இன்னும் அப்டேட் ஆகலை சார்" என்றார். சிஸ்டத்தில் ஆகவில்லை என்றால் பேனாவால் திருத்துங்கள் என்றேன். திருத்தினார். 2,10,530 என்று இருந்தது 2,01,465 ஆனது. அந்தத் திருத்திய தாளை இதோ, கேமராவுக்குக் காட்டுகிறேன், கையெழுத்தோடு இருக்கிறது. 78,000 வந்ததை விட இந்த 9,065 தான் எனக்கு இனிக்கிறது. வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. உங்களுக்காவது புரியும் என்று நினைக்கிறேன்.

அடடா, ஒன்றை விட்டுவிட்டேன், கொட்டேஷன் பேச்சிலேயே சொல்லியிருக்க வேண்டும். பேனல் டிசிஆர் பேனலா என்று பாருங்கள். செல்லும் இந்தியாவில் செய்தது, செல்களைச் சேர்த்துச் செய்யும் மாட்யூலும், அதாவது முழுப் பேனலும், இந்தியாவில் செய்தது என்றால்தான் மானியம். டிசிஆர் இல்லாதது விலை குறைவாக இருக்கும், அதை வைத்து உங்களை ஆசைகாட்டுவார்கள். "குறைஞ்ச விலை, மானியமும் வரும்" என்று ஒரே மூச்சில் யாராவது சொன்னால் கதவைச் சாத்திவிடுங்கள். இன்னொன்று, ஐந்து வருடப் பராமரிப்பு பேனல் போட்டுத் தருபவர்கள் பொறுப்பு. ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்து இனிஷியல். நான் இதற்குத் தனி வீடியோ போட்டிருக்கலாம், அவ்வளவு அலைந்தேன். மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் விண்ணப்பம், மானியமும் அவர் கணக்குக்குத்தான். எங்களுக்கு அம்மா பெயர். மின் அட்டையில் இனிஷியல் முன்னால். பாஸ்புக்கில் இனிஷியல் பின்னால், அதுவும் தாத்தாவின் இனிஷியல், ஏனென்றால் கணக்கு கல்யாணத்துக்கு முன்பு தொடங்கியது. ஆதாரில் அப்பாவின் முழுப் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே அம்மா, மூன்று பெயர்! வங்கியில் போய்ச் சொன்னால், திருத்தித் தருகிறோம் என்றார்கள், தந்தார்கள். ஆனால் புதிய செக் புத்தகம் வந்தபோது அதில் பெயரே அச்சாகவில்லை. போர்ட்டலில் ஏற்ற எனக்குத் தேவைப்பட்டது பெயர் அச்சான ஒரு ரத்து செய்த காசோலை. மறுபடி விண்ணப்பம், மறுபடி காத்திருப்பு. மானியத்துக்கு முன்னால் இந்த ஒரு தாளுக்கு நான் பட்ட பாடு, அப்பப்பா. பேனலுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே மூன்று பெயரையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். இணைப்பு இன்னும் இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தால், முதலில் பெயர் மாற்றம், பிறகுதான் சோலார்.

கடன் வேண்டுமென்றால் ஜன் சமர்த் போர்ட்டல் வழியாகப் பொதுத்துறை வங்கிகள் தருகின்றன. மூன்று கிலோவாட் வரைக்கும் அடமானம் இல்லை, வட்டி ரெப்போ விகிதத்தோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) அரை சதவீதம் கூட்டி என்ற கணக்கு. நகைக்கடனை விட எவ்வளவோ மேல். நாங்கள் வாங்கவில்லை, அப்பாவுக்குக் கடன் என்றாலே தூக்கம் வராது.

இப்போது கமெண்டில் எல்லாரும் கேட்பது: மாதம் 300 யூனிட் இலவசமாமே, தமிழ்நாட்டு 100 யூனிட்டோடு சேர்த்து 400 வருமா? வராது. அந்த 300 யூனிட்டை யாரும் உங்களுக்கு அனுப்பி வைக்கப் போவதில்லை, உங்கள் பேனல் உண்டாக்கும் கரண்ட்தான் அது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது தனிக் கதை. உண்மையைச் சொன்னால், இரண்டு மாதத்துக்கு 200, 250 யூனிட்டுக்குள் முடிகிற வீடு என்றால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், போட்ட பணம் திரும்ப ரொம்ப நாளாகும். ஆதாயம் யாருக்கு என்றால், 500 யூனிட் கோட்டைத் தாண்டுகிற வீட்டுக்கு. நம் கட்டணத்தில் 500ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே 101லிருந்து 200 வரை கிடைத்த சலுகை விலையும் பறிபோகிறது. ஒரு யூனிட் கூடினாலும் பில் குதிக்கும். நெட் மீட்டர் வந்ததும் கொடுத்தது போக எடுத்ததற்குத்தான் கணக்கு, அந்தக் கோட்டுக்குக் கீழேயே இருந்துவிடலாம். என் கணக்கில் இது அரசு சொல்லாமல் கொடுக்கிற இரண்டாவது மானியம்.

அடுக்குமாடிக் குடியிருப்பு நண்பர்களுக்கு: பொது விளக்கு, லிஃப்ட், மோட்டாருக்குச் சங்கம் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 உண்டு.

தம்பியின் கிரில் பட்டறைக்கு வருவோம். "எனக்கும் 78,000 வாங்கித் தாண்ணே" என்றான். கடைக்கும் பட்டறைக்கும் இந்த மானியம் இல்லை, வீட்டுக்கு மட்டும்தான். தொழில் செய்பவர்களுக்கு இருப்பது வருமான வரியில் தேய்மானம், அதாவது பொருள் பழசாவதைச் செலவாகக் கழிப்பது, வருடத்துக்கு 40 சதவீதம். ஐந்து லட்சத்துக்குப் போட்டால் முதல் வருடம் இரண்டு லட்சத்தைச் செலவாகக் காட்டலாம். கவனியுங்கள், இரண்டு லட்சம் கைக்கு வராது. 30 சதவீத வரி கட்டுபவருக்கு மிச்சம் 60,000. அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அதிலும் பாதிதான். மார்ச் மாதம் வந்தால் "31க்குள்ள போட்டுடுங்க" என்று போன் மேல் போன் வரும், அந்தப் பாதிக் கதையைச் சொல்ல மாட்டார்கள்.

தம்பிக்கு அதுவும் இல்லை. அவன் கணக்குப் புத்தகம் வைக்காமல், விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேச முறையில் வரி கட்டுகிறான். அந்த முறையில் தேய்மானம் ஏற்கெனவே கழிந்ததாகக் கருதப்படும், தனியாகக் கேட்க முடியாது. கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வெல்டிங் முழுக்கப் பகலில்தானே, உண்டாகும் கரண்டை அங்கேயே செலவழித்துவிடலாம், மானியம் இல்லாமலேயே கட்டுப்படியாகும் என்று சொல்லியிருக்கிறேன். ஆடிட்டரிடம் போகச் சொன்னேன், போகவில்லை.

அப்புறம், கரண்ட் போனால் சோலார் ஓடுமா என்று மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். ஓடாது. கம்பத்தில் லைன்மேன் ஏறியிருக்கும்போது நம் மாடியிலிருந்து கரண்ட் லைனுக்குப் போகக்கூடாது என்பதற்காக, லைன் போனதும் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். பேட்டரி வைத்த வகை வேண்டுமென்றால் அந்தச் செலவு தனி, பேட்டரிக்கு மானியம் கிடையாது. உங்கள் கடைசி இரண்டு பில்லின் யூனிட்டைக் கமெண்டில் எழுதுங்கள், எத்தனை கிலோவாட் போதும் என்று அடுத்த வீடியோவில் சொல்கிறேன். கொட்டேஷன் இருந்தால் போன் நம்பரை மறைத்துவிட்டு அனுப்புங்கள், ஜிஎஸ்டி வரியை முதலில் பார்த்துத் தருகிறேன்.