கிளாக்கோமா ஆய்வில் எந்தக் கேள்விக்கு எந்தக் கண்?

நேயர்களுக்கு வணக்கம். கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய்க்கு மருத்துவர்கள் பரவலாக எழுதித் தரும் சொட்டு மருந்து லட்டானோபிராஸ்ட். 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இந்த மருந்தைப் பூனையின் கண்ணில் விட்டால் பாவை சுருங்குகிறது. ஆனால் கண்ணழுத்தம் சொல்லும்படியாகக் குறைவதில்லை. முயலின் கண்ணிலும் ஏறக்குறைய இதே ஏமாற்றம்தான். இந்த இரண்டு விலங்குகளை மட்டும் நம்பியிருந்தால், இலட்சக்கணக்கானோரின் பார்வையைக் காத்துவரும் ஒரு மருந்து ஆய்வுக்கூடத்தைத் தாண்டியிருக்காது. மனிதருக்குப் பலிக்கும் மருந்து இவற்றுக்கு ஏன் பலிக்கவில்லை? இதற்கான விடையின் ஒரு பகுதி கண்ணின் உடற்கூற்றில் இருக்கிறது.

மனிதக் கண்ணின் முன்பகுதியில், ஐரிஸுக்கு, அதாவது பாவையைச் சுற்றியுள்ள நிறப் படலத்துக்குப் பின்னால் உள்ள சிலியரி உறுப்பு ஒரு தெளிந்த நீரை ஓயாமல் சுரக்கிறது. அந்த நீர் பாவை வழியே முன்னே வந்து, ஐரிஸும் கண்ணின் முன்புற ஒளிபுகு படலமான கார்னியாவும் சந்திக்கும் கோணத்தில் உள்ள வலைத்திசுவுக்குள் கசிந்து, ஷ்லெம் கால்வாய் என்ற வட்டக் குழாயை அடைந்து, இரத்த நாளங்களில் கலக்கிறது. வலைத்திசுவில் தடை கூடும்போது அழுத்தம் ஏறுகிறது. இதைத் தவிர, சிலியரித் தசைநார்களின் இடைவெளிகள் வழியாக நீர் வெளியேறும் இரண்டாவது பாதை ஒன்றும் உண்டு. அதைக் குரங்குகளின் கண்ணில் ஆராய்ந்து 1965இல் எடுத்துக்காட்டியவர் சுவீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் பில். லட்டானோபிராஸ்ட் முதன்மையாகத் திறந்துவிடுவது இந்த இரண்டாவது பாதையைத்தான். முயலுக்குச் சிலியரித் தசை மிக மெலிந்தது; அந்தப் பாதையில் செல்லும் நீரும் மிகக் குறைவு.

முயல் இன்னொரு வகையிலும் ஆய்வாளர்களைத் திசைதிருப்பியது. இந்த மருந்தின் மூலக் குடும்பமான புரோஸ்டாகிளாண்டின்களை அதிக அளவில் செலுத்தியபோது முயலின் கண் சிவந்து அழற்சி கண்டு, அழுத்தம் ஏறியது. ஆகவே இவை கண்ணுக்குத் தீங்கானவை என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாஸ்லோ பிட்டோவும் கார்ல் கேம்ரஸும் லட்டானோபிராஸ்டை அல்ல, புரோஸ்டாகிளாண்டினையே சிறிய அளவில் சொட்டாக விட்டு, அழுத்தம் குறைவதை 1977இல் அதே முயலில் காட்டினார்கள். 1981இல் குரங்கிலும் காட்டினார்கள். முயலைக் குறை சொல்வதைவிட, அதனிடம் கேட்கப்பட்ட கேள்வியைக் குறை சொல்வதே நியாயம் என்பது என் கருத்து.

மாட்டுக் கண்ணுக்கு வருவோம். இறைச்சிக்கூடத்தில் எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கிறது என்பதே ஆய்வில் அதற்கு இருந்த முதல் தகுதி. அறிவியல் காரணங்கள் பிறகுதான் வந்து சேர்ந்தன. மாட்டுக்கும் பன்றிக்கும் மனிதருக்கு இருப்பதுபோன்ற ஒற்றை ஷ்லெம் கால்வாய் கிடையாது. கோணத்தைச் சுற்றி நுண்நாளங்களின் பின்னல் ஒன்றே இருக்கிறது. வெட்டியெடுத்த மாட்டுக் கண்ணுக்குள் உப்புக் கரைசலைத் தொடர்ந்து செலுத்தினால், நேரம் ஆக ஆக வெளியேற்றம் தானாகவே எளிதாகிவிடும். மனிதக் கண் அப்படி நடந்துகொள்வதில்லை. மருந்து செலுத்தாத மற்றொரு கண்ணை ஒப்புநோக்காகப் பக்கத்தில் வைக்காவிட்டால், இந்த இயல்பான மாற்றத்தை மருந்தின் பலன் என்று எழுதிவிடக்கூடும். ஆனால் இதே மாடு வேறொரு கேள்விக்குத் துல்லியமாகப் பதில் தருகிறது. அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு சொட்டுகளைப் பல வாரங்கள் பயன்படுத்தும் மனிதர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கே அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு ஏறுகிறது. அர்ஜென்டினாவில் ஜெரோமெட்டா குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்விலோ, ஸ்டீராய்டு பெற்ற மாடுகள் அனைத்திலும் ஏறியது. மருந்தை நிறுத்தியதும் இறங்கியது.

கண்ணின் பின்புறத்தில் நிலைமை வேறு. நமது பார்வை நரம்பின் ஏறத்தாழ பத்து இலட்சம் இழைகள், கொலாஜன் என்ற உறுதியான புரதத்தால் ஆன சல்லடைத் தட்டு ஒன்றின் துளைகள் வழியாகவே கண்ணை விட்டு வெளியேறுகின்றன. அழுத்தத்தால் தட்டு வளையும்போது அந்த இழைகள் நசுங்கிச் சிதைகின்றன என்பது நெடுநாளைய விளக்கம். சுண்டெலிக்கு ஷ்லெம் கால்வாய் உண்டு. கொலாஜன் தட்டு இல்லை. அதன் இடத்தில் நரம்பு இழைகளைத் தாங்கும் நட்சத்திர வடிவ கிளையா செல்கள் மட்டும் வலைபோல் நிற்கின்றன. அப்படியிருந்தும், வயது ஏற ஏறத் தானாகவே அழுத்தம் கூடும் டிபிஏ/2ஜே வகைச் சுண்டெலிகளில், இழைகளின் சேதம் அதே இடத்தில்தான் தொடங்குகிறது என்று அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் சைமன் ஜான் குழுவினர் 2007இல் காட்டினார்கள். தட்டு இல்லாத கண்ணிலும் அதே இடம் அடிபடுகிறதென்றால், கிளையா செல்களுக்கும் இதில் பங்கிருக்க வேண்டும் என்ற ஐயம் வலுப்படுகிறது. மனிதக் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் தட்டின் பங்கையும் கிளையா செல்களின் பங்கையும் பிரித்தறிய வழியே இல்லை.

தட்டு, கால்வாய், சிலியரித் தசை, மையப் பார்வைக்குரிய மாக்குலா ஆகிய அனைத்தும் நம்மைப்போல் அமைந்தவை குரங்குகளே. செலவும் அறநெறிக் கேள்விகளும் காரணமாக அவற்றை மிகச் சில ஆய்வுகளுக்கே பயன்படுத்துகிறார்கள்; அது சரியானதே.

விலங்கையே தவிர்க்கும் வழியும் ஒன்று உண்டு. கண்தானமாகப் பெறப்பட்டு, மாற்று அறுவைக்குப் பொருந்தாமற்போன கண்களின் முன்பகுதியை ஊட்டக் கரைசலில் பல நாட்கள் உயிர்ப்புடன் வைத்து, ஸ்டீராய்டு கொடுத்து, அழுத்தம் ஏறுகிறதா என்று அளக்கும் ஆய்வு மதுரை அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் நடைபெற்றுள்ளது. வலைத்திசுவைப் பற்றிய கேள்விகளுக்கு இதைவிட நேரான விடை வேறெங்கும் கிடைப்பது கடினம். ஆனால் அந்தக் கலத்தில் இருப்பது கண்ணின் முன்பாதி மட்டுமே. ஏறிய அழுத்தம் நரம்பை என்ன செய்தது என்று அறிய, இன்றும் உயிருள்ள விலங்கின் கண்ணையே பார்க்க வேண்டியிருக்கிறது.