முடிவு தெரிந்த கதையில் என்ன இருக்கிறது?

புதுச்சேரி, கடலூர் நேயர்களுக்கு வணக்கம்.

காதல் நாவல் படிக்கிறவர்களிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்துடுவாங்க, அது முதல் பக்கத்திலேயே தெரியுது. அப்புறம் எதுக்கு முந்நூறு பக்கம்?" இப்படிக் கேட்கிறவர் ஊர்த் திருவிழாவில் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவராக இருப்பார். துரியோதனன் விழப்போகிறான் என்று தெரிந்துதானே படுகளம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்?

முடிவு தெரிந்திருப்பதில்தான் சுகமே இருக்கிறது. சேர்வார்களா என்ற கவலை முதலிலேயே தீர்ந்துவிடுகிறது. நடுவே நிற்பது என்ன, அதை எப்படித் தாண்டுவார்கள் என்பதில் மனசு நிதானமாக இறங்குகிறது. ஒரு காதல் நாவல் நல்லதா, சுமாரா என்பதை நான் அந்தத் தடையை வைத்துத்தான் முடிவு செய்வேன்.

சரித்திர நாவலையே எடுத்துக்கொள்வோம். இதில் கடலூர் மாவட்டத்துக்காரர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்குவது காட்டுமன்னார்கோயில் பக்கத்தில், வீராணம் ஏரிக்கரையில். ஆடிப் பதினெட்டு, ஏரி நிறையத் தண்ணீர், குதிரை மேல் வந்தியத்தேவன். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் அது. வந்தியத்தேவனும் குந்தவையும் சேர்வார்களா? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை 'வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்' என்றே சொல்கிறது. கல்யாணம் ஆயிற்று என்று கல்லில் வெட்டியே வைத்துவிட்டார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் முடிவு வெளியாகிவிட்ட கதைக்கு ஐந்து பாகம்!

கல்வெட்டு சொல்லாத இடத்தில்தான் நாவலாசிரியருக்கு வேலை. குடந்தை சோதிடர் வீட்டுக்குள் தடாலடியாக நுழைந்தவன், எதிரே குந்தவையைப் பார்த்துத் தடுமாறுகிறான். பிறகு அரிசிலாற்றங்கரையில் முதலையைப் பார்த்துப் பதறி, பெண்களைக் காப்பாற்றப் பாய்ந்து வேலை எறிகிறான். அது பாடம் பண்ணி வைத்த முதலை! அத்தனை பெண்களுக்கு முன்னால் ஒரு வீரனின் மானம் போகிறது. அவள் சோழ இளவரசி, அவன் நாடு இழந்த குலத்துப் பிள்ளை, ஒரு தூதன். அந்த இடைவெளியை இந்தச் சிரிப்பு ஓர் அங்குலம் குறைக்கிறது. இப்படி அங்குலம் அங்குலமாகக் குறைவதைப் பார்க்கத்தான் ஐந்து பாகம்.

ஆங்கிலத்தில் 'ரீஜன்சி' என்றொரு தனி வகை உண்டு. 1811 முதல் 1820 வரை, மன்னர் ஜார்ஜ் நோய்வாய்ப்பட்டு மகன் ஆட்சியைப் பார்த்துக்கொண்ட காலத்தில் நடக்கும் கதைகள். நாயகி லண்டன் மாளிகையில் நடனமாடிக்கொண்டிருந்த அந்த நாளில் நம் புதுச்சேரி ஆங்கிலேயர் பிடியில் இருந்தது. 1816-இல்தான் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பியது. அந்தக் கதைகளில் தடை பெரும்பாலும் பணம்தான். சொத்து ஆண்வாரிசுக்குப் போய்விடும்; பெண்ணுக்குப் பிழைப்பே கல்யாணம். கவுனும் குதிரை வண்டியும்தான் வேறே; நம் வீட்டுச் சீர்வரிசைப் பேச்சுக்கும் அதற்கும் ரொம்ப தூரமில்லை.

முத்தியால்பேட்டையில் நான் உறுப்பினராக இருந்த வாடகை நூலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மாத நாவல்களை இரண்டு மூன்றாகச் சேர்த்துக் கெட்டி அட்டை போட்டுத் தைத்திருப்பார்கள். வாங்கிப் போகிற பெண்கள், படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துவிடக்கூடாது என்று ஏதாவது ஒரு பக்கத்தில் பென்சிலால் அடையாளம் வைப்பார்கள். ஒருவர் பதினேழாம் பக்கத்தில் சின்ன நட்சத்திரம். இன்னொருவர் கடைசிப் பக்க ஓரத்தில் 'ச'. சில புத்தகங்களில் அதே பதினேழாம் பக்கத்தில் அதே கை போட்ட நட்சத்திரம் மூன்று இருக்கும். அடையாளத்தைப் பார்த்த பிறகும் வேண்டுமென்றே எடுத்துப் போயிருக்கிறார்! முடிவு மட்டுமல்ல, வசனமே மனப்பாடம் ஆகியிருக்கும்.

குடும்பக் காதல் கதைகளில் தடை, பாதிக்குப் பாதி, தவறான புரிதல். ஒரு போன் போட்டுப் பேசினால் தீர்ந்துபோகிற விஷயத்தை இருநூறு பக்கம் இழுத்தால் எனக்குப் பொறுமை போய்விடும். இப்போது கைபேசியில் வருகிற தொடர்களில் 'ஆன்டி ஹீரோ' என்று ஒருவன் வருகிறான். அதட்டுகிறான், கையைப் பிடித்து முறுக்குகிறான், அதெல்லாம் காதலாம். தங்கைகள் கோபித்துக்கொள்ளக்கூடாது, எனக்கு அவன் வேண்டாம். ஆனால் "இன்னிக்கு யூடி எப்போ வரும்?" என்று, அதாவது அடுத்த அத்தியாயத்துக்காக, அவர்கள் காத்துக்கிடப்பது எனக்குப் பிடிக்கிறது. வாரப் பத்திரிகைக்காகக் கடை வாசலில் நின்றவர்களுக்கு அந்தத் தவிப்பு தெரியும்.

இனி அமானுஷ்யக் காதல். இங்கே தடை, உயிரும் சாவும். 1897-இல் 'டிராகுலா' நாவல் வந்தபோது ரத்தக்காட்டேரி என்றால் பயப்பட வேண்டியவன். 2005-இல் 'ட்விலைட்' வந்தபோது அவனே காதலன் ஆகிவிட்டான். அவளுக்கு வயது ஏறும், அவனுக்கு ஏறாது. பக்கத்தில் வந்தால் அவள் ரத்தத்தின் மேல் தாகம் வரும். இதைவிடக் கெட்டியான சுவர் எந்த மாமியாராலும் எழுப்ப முடியாது.

ஆனால் இது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். மணிமேகலையைத் திறந்து பாருங்கள். துறவுக்குப் போகிற பெண்ணைச் சோழ இளவரசன் உதயகுமாரன் துரத்துகிறான். தன்னை இழிவாகப் பேசியவன் என்று தெரிந்தும் அவள் தோழி சுதமதியிடம் சொல்கிறாள்: "புதுவோன் பின்றைப் போனதென் நெஞ்சம்." தெய்வம் அவளை மணிபல்லவத் தீவுக்குத் தூக்கிப் போகிறது. அங்கேதான் தெரிகிறது, முற்பிறவியில் அவன் அவளுடைய கணவன் இராகுலன். பார்வையிலேயே விஷமுள்ள பாம்பு தீண்டிச் செத்தவன். திரும்பி வந்தவள் காயசண்டிகை என்பவளின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். காயசண்டிகையின் கணவன், ஒரு விஞ்சையன் (வானில் உலவும் வித்தியாதரன்), தன் மனைவியைத்தான் இளவரசன் தொடர்கிறான் என்று எண்ணி வாளை வீசிவிடுகிறான். அழுதுகொண்டு, வெட்டுண்ட இளவரசன் உடலை நெருங்குகிற மணிமேகலையைத் தூணில் இருக்கிற பாவை 'போகாதே' என்று பேசித் தடுக்கிறது. மறுபிறவி, உருமாற்றம், பேசும் சிலை! இன்றைய அமானுஷ்ய நாவலில் இருக்கிற சாமான் அத்தனையும் சாத்தனார் அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டார்.

சேர்த்துத்தான் வைக்கவில்லை. அவர் நோக்கம் துறவு, குறை சொல்ல முடியாது. மாத நாவல் எழுதுகிறவர் கையில் கிடைத்திருந்தால் உதயகுமாரனுக்கு இன்னொரு பிறவி கொடுத்து, மணமேடை வரைக்கும் கொண்டுவந்து விட்டிருப்பார். நானும் முதல் ஆளாக எடுத்துப் போய்ப் படித்திருப்பேன்.

வணக்கம்.