பூச்சிச் சத்தத்தை வரைந்தவர்

வணக்கம். அமெரிக்க ஓவியர் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்றால் ஆண்டி வார்ஹோல் என்பீர்கள், ஜாக்சன் போலக் என்பீர்கள், இன்னும் கொஞ்சம் ஆர்வமுள்ளவர்கள் எட்வர்ட் ஹாப்பர் என்பார்கள். சரி, அந்த ஹாப்பரே 1928-இல் ஒரு கலைப் பத்திரிகையில் பாராட்டிக் கட்டுரை எழுதிய ஓவியர் ஒருவர் உண்டு. சார்ல்ஸ் பர்ச்ஃபீல்ட். அமெரிக்காவிலேயே இந்தப் பெயரைச் சொன்னால் பலர் முழிப்பார்கள்.

1893-இல் ஒஹாயோவில் பிறந்து, சேலம் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். (நம்ம சேலம் இல்லை, சிரிக்காதீர்கள்.) ஓவியம் படித்து முடித்துவிட்டு ஊருக்கே திரும்பி ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போனார். மதியச் சாப்பாட்டு இடைவேளையில்கூட வெளியே போய்ப் படம் வரைவார். அப்படி அவர் வரைந்து குவித்த 1917-ஆம் ஆண்டைத் தன் பொன்னான வருடம் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

அந்த வருடத்துப் படம் ஒன்றை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பெயர், ‘பூச்சிகளின் கூட்டிசை’. கோடை முடிகிற நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம், வீட்டுத் தோட்டம். தோட்டத்தில் தனியாக நிற்கிற ஒரு சிறுவனுக்குச் சில்வண்டும் சுவர்க்கோழியும் போடுகிற சத்தத்தைத் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை, செடிக்கொடிப் பந்தலின் இருட்டுக்குள் என்ன இருக்குமோ என்று பயம் வேறு, இந்தக் கருத்தில் படத்தின் பின்புறம் அவரே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். ஆனால் படத்தில் பூச்சியைத் தேடாதீர்கள். புல்லுக்குள்ளும் மரத்தைச் சுற்றியும் வளைவு வளைவாக, ரம்பப் பல் மாதிரி கோடுகள்தான் இருக்கும், அதுதான் சத்தம்! அதே வருடம் ஒரு நோட்டில் பயம், மனச்சோர்வு போன்ற உணர்வுகளுக்கு ஆளுக்கொரு வடிவம் வரைந்து வைத்துக்கொண்டார், மழை இரவில் தேவாலய மணி அடிக்கிற அவருடைய படத்தில் கோபுரமே அந்த வடிவங்களை மாட்டிக்கொண்டு பூதம்போல நிற்கிறது.

அப்புறம் பிழைப்பு. 1921-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்துக்குப் போய், ஒரு வால்பேப்பர் கம்பெனியில் வடிவமைப்பாளராக எட்டு வருடம் ஓட்டினார். 1930-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய இளமைக்கால வாட்டர்கலர்களை வைத்து தனிக் கண்காட்சியே நடத்தியது. அதற்குப் பிறகும் பஃபலோவுக்குப் பக்கத்திலிருந்த வீட்டை விட்டு அவர் நகரவில்லை.

ஐம்பது வயதில் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1917-இல் வரைந்த தாள்களை எடுத்து, நான்கு பக்கமும் புதுத் தாள் ஒட்டி, படத்தைப் பெரிதாக்கி மேலே வரைந்துகொண்டே போனார். வசந்தத்தின் வருகையைக் காட்டும் ஒரு படத்துக்கு 1917–43 என்று தேதி போட்டிருப்பது அதனால்தான், அச்சுப்பிழை இல்லை. ‘நான்கு பருவங்கள்’ முடிய 1949-லிருந்து 1960 வரை ஆனது. முன்னால் பனி, மரங்கள் வளைந்து வாசல் வாசலாக நிற்க, உள்ளே போகப் போக மற்றப் பருவங்கள். டேன்டிலியன் பூ காய்ந்து பஞ்சாக நிற்பதும் அவருக்குப் பெரிய விஷயம், அதையும் நிலாவையும் சேர்த்து 1960-களில் வரைந்திருக்கிறார்.

இத்தனை இருந்தும் ஏன் தெரியவில்லை? வாட்டர்கலர் ஒரு காரணம் என்பேன். வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும், அதனால் அருங்காட்சியகங்கள் கொஞ்ச நாள் மாட்டிவிட்டு மறுபடி இருட்டு அறைக்குள் வைத்துவிடும். எண்ணெய் ஓவியம்போல வருடக்கணக்கில் சுவரில் தொங்கிப் பெயர் வாங்க வழியில்லை.

இதே வழியில் இன்னொரு அமெரிக்க ஓவியரையும் சொல்லிவிடுகிறேன், லோயிஸ் டாட். 1927-இல் பிறந்தவர். அமெரிக்காவின் மெயின் (Maine) என்ற மாநிலத்தில் கொடியில் காயும் துணி, பழைய ஜன்னல் என்று கண்ணில் படுவதையெல்லாம் வெளியிலேயே நின்று வரைந்தவர். அவரைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேசலாம்.

பார்க்க அமெரிக்கா போகணுமா என்று முன்வரிசையில் கேட்கிறீர்கள். வேண்டாம். பஃபலோவில் பர்ச்ஃபீல்ட் பெயரிலேயே ஒரு கலை மையம் இருக்கிறது, அதன் இணையதளத்திலிருந்து ஆரம்பியுங்கள். போனில் பார்க்காதீர்கள், கோடுகள் தெரியாது.