மேலே ஏறும் ரத்தம்

நேயர்களுக்கு வணக்கம். உடற்செயலியல் பாடத்தை முப்பது வருடம் நடத்தியவள் நான். முதல் வகுப்பில் புத்தகத்தைத் திறக்க விடமாட்டேன். சட்டைக் கையை மடித்துவிடச் சொல்வேன். உங்களிடமும் அதையேதான் கேட்கிறேன். வண்டி ஓட்டுபவர்கள் இப்போது கேட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்குப் போய்ச் செய்துபார்க்கலாம்.

ஒரு கையைத் தொங்கவிடுங்கள். புறங்கையிலும் அதற்கு மேலேயும் பச்சையாகப் புடைத்து வருகிறதே, அதை நாம் நரம்பு என்கிறோம். ஊசி போடப் போனாலும் 'நரம்பு கிடைக்கவில்லை' என்றுதான் பேச்சு. அது நரம்பு இல்லை. நரம்பு சேதி கொண்டுபோவது. இது சிரை, உடம்பைச் சுற்றிவந்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்.

சரி, நேராக ஓடும் ஒரு சிரையைப் பாருங்கள். மணிக்கட்டுப் பக்கம் அதன்மேல் ஒரு விரலை அழுத்தி வையுங்கள், எடுக்காதீர்கள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கையை நோக்கி நீவிவிட்டு, நீவிய விரலை மட்டும் எடுங்கள். சிரை தட்டையாகக் கிடக்கிறதா? மேலே ரத்தம் இருக்கிறது, கையும் தொங்குகிறது, ஆனாலும் ஏதோ ஓர் இடத்தில் சின்ன முடிச்சுபோல நின்று, அதற்குக் கீழே ரத்தம் இறங்கவில்லை. அந்த முடிச்சில்தான் வால்வு, அதாவது ஒரு பக்கம் மட்டும் திறக்கும் சின்னக் கதவு, இருக்கிறது. இப்போது முதல் விரலை எடுங்கள். கீழேயிருந்து நிரம்பிவிடும்.

இதே சோதனையை இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628-ல் வெளியிட்ட நூலில் விளக்கியிருக்கிறார். இத்தாலியில், பதுவாவில், அவருக்குப் பாடம் சொன்ன ஃபாப்ரிசியஸ் இந்த வால்வுகளை ஏற்கெனவே பார்த்து எழுதியவர். ஆனால் கைகால்களுக்குப் போகும் ரத்தத்தின் வேகத்தைக் குறைக்கும் தடுப்பு என்று அவர் எண்ணினார். மாணவர்தான், கதவெல்லாம் இதயத்தின் பக்கமே திறக்கிறதே, அப்படியானால் ரத்தம் வெளியே போகும் வழி இதுவாக எப்படி இருக்க முடியும் என்று யோசித்தார். அந்தக் காலத்தில், சாப்பாட்டிலிருந்து கல்லீரலில் புதிது புதிதாக ரத்தம் ஊறி உடம்பில் செலவாகிவிடுகிறது என்று நம்பினார்கள். ஹார்வி கணக்குப் போட்டார். இன்றைய அளவில் சொன்னால், இதயம் ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லி தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் கிட்டத்தட்ட 5 லிட்டர். மணிக்கு 300 லிட்டர்! எந்தச் சாப்பாட்டிலிருந்து அவ்வளவு ஊறும்? உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர்தான். அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. எத்தனை தடவை சொன்னாலும் இந்த இடத்தில் எனக்குச் சிலிர்க்கும்.

இப்போது காலுக்கு வருவோம். நிற்கும்போது பாதத்து ரத்தம் இதயம்வரை மூன்று, நான்கு அடி ஏற வேண்டும். ஏற்றிவிடுவது கெண்டைக்கால் சதை. நடக்கையில் ஒவ்வோர் எட்டு வைக்கும்போதும் அது இறுகி உள்ளிருக்கும் சிரையைப் பிழிகிறது. ரத்தம் மேலே போகிறது, வால்வு திரும்ப விடுவதில்லை. அசையாமல் நின்றால் பிழிய ஆளில்லை. பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் வெயிலில் பிள்ளைகள் மயங்கி விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காலில் ரத்தம் தேங்கி, மூளைக்குப் போவது குறைந்துவிடுகிறது. உடனே தூக்கி உட்காரவைக்காதீர்கள். படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள்.

என் அக்கா ஒரு துணிக்கடையில் பதினெட்டு வருடம் வேலை பார்த்தாள். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரிவரை நிற்பாள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக்கூடாது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினால், அதன் வார் பதிந்த பள்ளம் பாதத்தில் அப்படியே இருக்கும். நாற்பது வயதுக்குள் முழங்காலுக்குக் கீழே சிரைகள் கொடிபோலச் சுருண்டுவிட்டன. 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்பார்களே, அதுதான். குழாய் விரிந்துபோய் வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று சேர்வதில்லை. எங்கள் அம்மாவுக்கும் இருந்தது, ஆகவே பரம்பரைக்கும் பங்கு உண்டு. ஆனாலும் அந்தப் பதினெட்டு வருடத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். மூச்சை இழுக்கும்போது நெஞ்சும் ரத்தத்தை மேலே இழுக்கிறது; அதை விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரமில்லை. ஒன்று மட்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளத்தில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் சட்டத்தைத் திருத்தினார்கள். கடையில் நின்றபடி இதைக் கேட்கும் தங்கைகளே, ஆள் இல்லாத நேரத்தில் உட்காருங்கள். முடியாதபோது நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். வணக்கம்.