மாஸ்க்வா நதியில் கேட்ட சீட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

ஹார்ட் ராக் என்றாலே காதைப் பொத்திக்கொள்பவர்கள் நம்மில் உண்டு. அவர்களுக்கும் இந்தப் பாட்டு பிடித்திருக்கும். கிடார் மெதுவாக ஒலிக்க, ஒருவர் நிதானமாகச் சீட்டியடிப்பார். ஜெர்மனியின் ஹானோவர் நகரத்து ஸ்கார்பியன்ஸ் குழு பாடிய 'விண்ட் ஆஃப் சேஞ்ச்', அதாவது மாற்றத்தின் காற்று.

பெர்லின் சுவர் விழுந்ததைப் பற்றிய பாட்டு என்று பலரும் சொல்வார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். சுவரை உடைக்கும் காட்சி எங்கே வந்தாலும் இந்தச் சீட்டியையும் கூடவே சேர்த்துவிடுகிறார்களே! ஆனால் பாட்டு பிறந்தது அதற்கு முன்பு, மாஸ்கோவைப் பார்த்துவிட்டு வந்த மனத்தில்.

1989 ஆகஸ்ட் 12, 13 தேதிகளில் மாஸ்கோவின் லெனின் ஸ்டேடியத்தில் பெரிய ராக் விழா நடந்தது. பான் ஜோவி, ஆஸி ஆஸ்பார்ன் போன்ற ராக் நட்சத்திரங்களோடு ஸ்கார்பியன்ஸும் வந்திருந்தார்கள். காவலுக்கு நின்ற செம்படைச் சிப்பாய்கள் முதலில் கூட்டத்தைப் பார்த்து விறைப்பாக நின்றார்களாம். ஸ்கார்பியன்ஸ் பாடத் தொடங்கியதும் மேடைப் பக்கம் திரும்பி, தொப்பிகளைக் கழற்றி மேலே வீசினார்களாம். ஸ்கார்பியன்ஸின் பாடகர், இந்தப் பாட்டை எழுதிய கிளாஸ் மைனே சொன்னது இது.

அந்த நாட்களில் ஒரு மாலை, மாஸ்க்வா நதியில் ஒரு படகு கோர்க்கி பூங்காவுக்குப் போகிறது. பல நாட்டு இசைக்காரர்கள், பத்திரிகையாளர்கள், சோவியத் சிப்பாய்கள் எல்லாரும் அதில் ஒன்றாக இருக்கிறார்கள். மைனே 1948இல் பிறந்தவர். அவருடைய அப்பா தலைமுறையில் ஜெர்மன் டாங்கிகள் நுழைந்த நாடு அது. அந்தச் சிப்பாய்களோடு ஒரே படகில் போனபோது அவர் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! பாட்டு அந்த நதியோரத்தில்தான் தொடங்குகிறது.

சரி, சீட்டி எப்படி வந்தது? மைனே கிடார் கலைஞர் இல்லை. மெட்டுப் போடும்போது கிடார் வரவேண்டிய இடத்தைச் சீட்டியால் நிரப்பினார். ரெக்கார்டிங் கம்பெனிக்காரர்கள், பாட்டு அருமை, சீட்டியை மட்டும் எடுத்துவிடலாமே என்றார்கள். எடுத்துப் பார்த்தார்கள். பாட்டில் உயிர் இல்லை. திரும்பச் சேர்த்துவிட்டார்கள். நல்லவேளை!

ராக் குழுக்கள் மெதுவாகத் தொடங்கி உச்சத்துக்குக் கொண்டுபோகும் இந்த மாதிரி உருக்கமான பாட்டுக்குப் பவர் பேலட் என்று பெயர். அதன் சூட்சுமம் அடக்கி வாசிப்பதில் இருக்கிறது. முழுச் சத்தத்தையும் கையில் வைத்திருக்கும் குழு அதைக் கொடுக்காமல் நம்மைக் காக்க வைக்கும். இந்தப் பாட்டிலும் முதலில் சீட்டி, அப்புறம் தணிந்த குரல். பிறகுதான் ட்ரம்ஸ் இறங்குகிறது, கிடார்கள் நிரம்புகின்றன. அதே மைனேயின் குரல் உயரே போகிறது. 1981 வாக்கில் குரல்நாண் கெட்டு, அறுவை சிகிச்சை செய்துகொண்டு, குழுவை விட்டே விலகிவிடுகிறேன் என்று சொன்னவரின் குரல் அது. நண்பர்கள் விடவில்லை.

1990இல் 'கிரேஸி வேர்ல்ட்' ஆல்பத்தில் வந்த பாட்டு, மறு ஆண்டு ஜெர்மனியில் முதலிடம், அமெரிக்காவில் நான்காம் இடம் என்று ஓடியது. ரஷ்ய மொழியிலும் பாடினார்கள். 1991 டிசம்பரில் சோவியத் அதிபர் கோர்பச்சேவ் இந்தக் குழுவினரைக் கிரெம்ளினுக்கு அழைத்துச் சந்தித்தார். அந்த மாதம் முடிவதற்குள் சோவியத் யூனியனே இல்லாமல் போனது.

2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் படை அனுப்பியதும், மைனே மேடையில் முதல் வரிகளை மாற்றினார். மாஸ்க்வா நதி போய், காற்று மாறக் காத்திருக்கும் உக்ரைன் வந்தது. மூன்று தலைமுறைக்கு மனப்பாடமான வரிகளில் கை வைக்கலாமா என்று கேட்டார்கள். அவர் செய்ததே சரி என்பேன். அன்று படகில் பார்த்ததை நம்பி எழுதியவர், அந்த நம்பிக்கை பொய்த்தபோது பழைய வரியையே எப்படிப் பாடுவார்?

இப்போது அந்தப் பழைய பதிவை ஒலிபரப்பப் போகிறார்கள். ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள். ட்ரம்ஸ் எந்த இடத்தில் இறங்குகிறது என்று கவனித்துக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.