பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ்: எந்த முதுகலைப் படிப்பில் சேருவது?

(கேரள-தமிழக எல்லையில், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் பட்டப்படிப்பு இறுதியாண்டு மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "எந்தக் கோர்ஸுக்கு ஸ்கோப் இருக்கு" என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்றால் உயிரியல் தரவைக் கம்ப்யூட்டர் வைத்து ஆராய்வது. அது என்ன வேலை என்று முதலில் பார்த்துவிடுவோம்.

அட்டப்பாடி நமக்குப் பக்கத்தில்தான். அங்கே அரிவாள் செல் ரத்தசோகை இருப்பது உங்களுக்குத் தெரியும். ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஒரு பகுதியைத் தயாரிக்கும் பீட்டா குளோபின் மரபணுவில், ஏ, டி, ஜி, சி என்ற டி.என்.ஏ. எழுத்துகளில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வருவது அது. ஜி-ஏ-ஜி என்று இருக்கவேண்டிய இடத்தில் ஜி-டி-ஜி. அந்த எழுத்துக்கு ஒரு முகவரி உண்டு: 11-ஆவது குரோமோசோம், 52,27,002-ஆவது இடம். ஆனால் இது, எல்லோரும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் மனித மரபணுத் தொகுதியின் (மனிதனின் முழு டி.என்.ஏ. வரிசையின்) 38-ஆவது பதிப்பின்படி. 37-ஆவது பதிப்பில் அதே எழுத்து 52,48,232-இல் இருக்கிறது. வீடு அதேதான், கதவு எண்ணை மாற்றிவிட்டார்கள்!

ரத்த மாதிரியிலிருந்து படித்த டி.என்.ஏ. துண்டுகளை 38-ஆவது பதிப்பில் அவற்றுக்குரிய இடத்தில் பொருத்திவிட்டு, 37-ஆவது பதிப்பின்படி தயாரித்த பட்டியலை வைத்துத் தேடினால் என்ன ஆகும்? அந்த இடத்தில் மாற்றம் எதுவும் இருக்காது. கம்ப்யூட்டர் எர்ரர் காட்டாது. நோய் இல்லை என்று ரிப்போர்ட் அழகாக வந்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. டி.என்.ஏ.வுக்கு இரண்டு இழைகள்; ஒன்றில் ஏ இருந்தால் மற்றதில் டி இருக்கும். ஃபைலில் எழுதுவது ஓர் இழையை மட்டும்தான், இந்த மரபணு அதற்கு எதிர் இழையில் இருக்கிறது. அதனால் பாடப்புத்தகத்தில் "ஏ, டி ஆனது" என்று படித்தவர், ஃபைலில் "டி, ஏ ஆனது" என்பதைப் பார்த்துக் குழம்புவார். போதாக்குறைக்கு, சில ஃபைல் வகைகள் இடத்தை 1-இலிருந்து எண்ணும், சில 0-விலிருந்து எண்ணும்.

இந்தத் தப்பைப் பிடிக்க உயிரியல் மட்டும் தெரிந்தவராலும் முடியாது, புரோகிராம் மட்டும் எழுதத் தெரிந்தவராலும் முடியாது. உங்களிடம் இதில் எந்தக் கை பலவீனமோ, அதைப் பலப்படுத்தும் படிப்பே உங்களுக்கு உரியது. பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சரியாக இருந்த கோர்ஸ் உங்களுக்கு வீணாகப் போகலாம்.

பி.எஸ்ஸி. விலங்கியல், தாவரவியல், பயோடெக் முடித்தவர்களுக்குக் குறை பெரும்பாலும் புள்ளியியலில்தான். பைத்தான் என்ற புரோகிராம் மொழியை ஆறு மாதத்தில் ஓரளவு பிடித்துவிடலாம். புள்ளியியல் அப்படி வராது. மனிதனிடம் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. நோயாளிக்கும் மற்றவருக்கும் வித்தியாசம் உண்டா என்று ஒவ்வொன்றையும் 0.05 என்ற அளவில், அதாவது நூற்றுக்கு ஐந்து தடவை தற்செயலாகத் தப்பலாம் என்ற வரம்பில் சோதித்தால், உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாவிட்டாலும் 1,000 மரபணுக்கள் "முக்கியமானவை" என்று வந்து நிற்கும். இதைத் திருத்தும் முறையை பெஞ்சமினி, ஹாக்பெர்க் இருவரும் 1995-இலேயே கொடுத்துவிட்டார்கள். இதைச் சொல்லித்தராத எம்.எஸ்ஸி.யில் சேராதீர்கள். பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவர்கள் சேர்க்கை விதியை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படியுங்கள். சில இடங்களில் கணக்கு கட்டாயம்.

பி.சி.ஏ., பி.டெக். கம்ப்யூட்டர் முடித்தவர்கள், மறுபடி முதல் செமஸ்டரில் சி புரோகிராம் சொல்லித்தரும் கோர்ஸில் பணம் கட்டவேண்டாம். மரபியலும் மூலக்கூறு உயிரியலும் ஆய்வகத்தோடு கிடைக்கும் இடத்தைத் தேடுங்கள்.

பட்டத்தின் பெயரில் மயங்காமல் சிலபஸை இறக்கிப் பாருங்கள். புள்ளியியல், புரோகிராமிங், லினக்ஸ் (விண்டோஸ் போல ஓர் இயங்குதளம்) மூன்றுக்கும் சேர்த்து நான்கு தாளாவது இருக்கிறதா? கடைசி செமஸ்டர் முழுவதும் புராஜெக்ட்டுக்கு விட்டிருக்கிறார்களா? மாணவர் உள்ளே நுழைந்து வேலை செய்ய சர்வர் உண்டா? மனித ஆர்.என்.ஏ. தரவைப் பொருத்தும் சில மென்பொருள்களுக்கு 30 ஜி.பி. அளவுக்கு மெமரி வேண்டும். உங்கள் லேப்டாப் மூச்சுத் திணறிவிடும்.

சீனியர்களின் புராஜெக்ட் தலைப்புகளையும் கேட்டு வாங்குங்கள். எல்லாமே "இன்ன மூலிகையின் வேதிப்பொருளை இன்ன புரதத்தோடு டாக்கிங் செய்தல்" என்று இருந்தால் யோசியுங்கள். டாக்கிங் என்றால் ஒரு மூலக்கூறு ஒரு புரதத்தில் எப்படி ஒட்டும் என்று கம்ப்யூட்டரில் கணித்துப் பார்ப்பது. அது கெட்ட வேலை இல்லை. ஆனால் அந்தப் புரதத்தோடு ஏற்கெனவே ஒட்டியிருந்த மூலக்கூறை எடுத்துவிட்டு, மறுபடி டாக் செய்து, அது பழைய இடத்திலேயே 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) உட்காருகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல் எவ்வளவு நன்றாக ஒட்டுகிறது என்று மென்பொருள் தரும் மைனஸ் எட்டு, மைனஸ் ஒன்பது ஸ்கோரை மட்டும் எழுதினால், இன்டர்வியூவில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

கோவை பாரதியார், காரைக்குடி அழகப்பா, காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகம், புதுவை ஆகிய இடங்களில் இதற்கென்றே துறை உண்டு. ஐ.ஐ.டி. எம்.எஸ்ஸி.க்கு ஜாம் என்ற நுழைவுத் தேர்வு, எம்.டெக்.குக்கு கேட் என்ற நுழைவுத் தேர்வு. கேட் எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும்.

எல்லையில் இருக்கும் நமக்கென்று ஒரு தலைவலி உண்டு. எல்லையிலுள்ள வாளையாற்றுக்கு அந்தப் பக்கம் பட்டம் வாங்கி இந்தப் பக்கம் மேலே படிக்க வந்தால், எலிஜிபிலிட்டி அல்லது ஈக்விவலன்ஸ் சர்டிபிகேட், அதாவது உங்கள் பட்டம் இங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்ற சான்று, கேட்பார்கள். ரிசல்ட் வந்த உடனே விண்ணப்பித்துவிடுங்கள். அட்மிஷன் கடைசி தேதியன்று அதற்காக ஓடுவதில் பயனில்லை. விரிவுரையாளர் வேலை மனதில் இருந்தால், பட்டத்தின் பெயர் விளம்பரத்தில் கேட்கும் பெயரோடு ஒத்துப்போகுமா என்றும் பாருங்கள். தகுதித் தேர்வில் நீங்கள் எழுதப்போவது சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் லைஃப் சயின்ஸஸ். அதனால் உடற்செயலியல், சூழலியல் நோட்டுகளைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பி.எச்டி. எல்லோருக்கும் தேவையில்லை. தரவைப் பொருத்தி, பிழை பார்த்து, ரிப்போர்ட் கொடுக்கும் வேலைக்கு நல்ல எம்.எஸ்ஸி. போதும். புது முறை கண்டுபிடிக்கவும், ஒரு குழுவைத் தலைமையேற்று நடத்தவும் ஆசை இருந்தால் பி.எச்டி. வேண்டும். நெட் தேர்வு வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு 42,000, வாடகைப்படி தனி.

இந்த வேலை பிடிக்குமா என்பதை ஃபீஸ் கட்டும் முன்பே சோதித்துக்கொள்ளலாம். லேப்டாப்பில் லினக்ஸ் போடுங்கள். மரபணுத் தரவுகளை இலவசமாகத் தரும் அமெரிக்க அரசு மையமான என்.சி.பி.ஐ.யின் தளத்திலிருந்து ஈஸ்ட்டின் ஆர்.என்.ஏ. தரவு ஒன்றை இறக்குங்கள். ஈஸ்ட்டின் மரபணுத் தொகுதி மனித அளவில் இல்லை, 1.2 கோடி எழுத்துதான், சாதாரண மெஷினே தாங்கும். ஒப்பிடும் ஒவ்வொரு சூழ்நிலைக்கும் மூன்று மாதிரியாவது இருக்கும் தரவாக எடுங்கள். தரம் பார்த்து, பொருத்தி, எண்ணி, வித்தியாசப்படும் மரபணுக்களைப் பட்டியலிடுங்கள். அந்தப் பட்டியலை எக்செலில் திறக்காதீர்கள். மரபணுப் பெயர்களை அது தேதியாக மாற்றிவிடும். மனித மரபணு மார்ச்1, "மார்ச் 1-ஆம் தேதி" ஆகி ஆகி, கடைசியில் 2020-இல், மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அந்த மரபணுவின் பெயரையே மாற்றவேண்டி வந்தது. முதல் தடவை எங்கேயோ முட்டி நிற்கும். மூன்று நாள் உட்கார்ந்து அந்தப் பிழையைத் தேட உங்களுக்குச் சலிக்கவில்லை என்றால், விண்ணப்பப் படிவம் வாங்கலாம்.

கேள்விகள் கேட்கலாம்.