தேத்தண்ணி சூடா இருக்கேல்லை

வணக்கம். மழை இருட்டிக்கொண்டு நிக்குது, அதுக்குள்ளயும் பொதுநோக்கு மண்டபம் நிறைய வந்து இருக்கிறீங்கள், முன்னுக்குக் கடல்தொழிலால வந்த கையோட அப்பிடியே வந்த அண்ணையவை, பின்னுக்கு ஓஎல் எடுக்கப்போற பிள்ளையள். கடல் மர்மம் ஒண்டைப் பற்றிக் கதையுங்கோ எண்டுதான் என்னைக் கூப்பிட்டவை. நான் மேரி செலஸ்ட் கப்பலை எடுத்தனான். ஏன் எடுத்தனான் எண்டதைப் பேந்து சொல்லுறன்.

கதை உங்களில கனபேருக்குத் தெரிஞ்சிருக்கும், யூரியூப்பில தமிழிலயே எத்தினையோ வீடியோ கிடக்கு. 150 வருசத்துக்கு முந்தி அத்திலாந்திக் கடல் நடுவில ஒரு பாய்க்கப்பல் தனிய அலைஞ்சு வருது, ஏறிப் பாத்தா மேசையில தேத்தண்ணி ஆவி பறக்குது, சாப்பாடு பாதியில கிடக்குது, படகெல்லாம் கட்டினபடி இருக்குது, ஆக்கள் மட்டும் ஒருத்தரும் இல்லை. பேய் பிடிச்சிட்டுது, ராட்சத கணவாய் இழுத்திட்டுது, பெர்முடா முக்கோணம் விழுங்கிட்டுது எண்டு ஆளுக்கொண்டு சொல்லுவினம். முதல்ல பெர்முடாவை விடுவம், கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்த்துக்கலுக்கும் இடையில, பெர்முடா சமுத்திரத்தின்ர மற்றப் பக்கம்.

நடந்தது என்னெண்டா, 1872 நவம்பர் 7 நியூயோர்க்கில இருந்து இத்தாலியில இருக்கிற ஜெனோவாவுக்கு வெளிக்கிட்ட கப்பல் அது, 282 டொன், உள்ளுக்கு 1,701 பீப்பா அல்ககோல், குடிக்கிற சாமான் இல்லை, தொழிற்சாலைக்குப் போறது. கப்டன் பெஞ்சமின் பிறிக்ஸ், மனிசி சேரா, ரெண்டு வயசு மகள் சோஃபியா, மாலுமியள் 7 பேர், எல்லாமா 10 பேர். மூத்த மகன் ஆர்தருக்கு 7 வயசு, அவன்ர படிப்புக் கெடக்கூடாது எண்டு அப்பம்மாவோட விட்டிட்டுப் போனவை. இந்தப் பெடியனை ஞாபகத்தில வைச்சிருங்கோ, வீடியோக்காரர் ஒருத்தரும் இவனைப் பற்றிச் சொல்லுறதில்லை.

டிசம்பர் 4ஆம் திகதி டெய் கிராஷியா எண்ட இன்னொரு கப்பல் இதைக் கண்டது. அதின்ர முதல் அதிகாரி ஒலிவர் டெவோ ஏறிப் பாத்தவர், தான் கண்டதை பிறகு, கப்பலைக் கொண்டுபோய்ச் சேத்த ஜிப்ரால்டர் துறைமுகத்தில, நீதிமன்றத்தில சத்தியம் பண்ணிச் சொன்னவர். மேசையில சாப்பிடவோ குடிக்கவோ ஒண்டும் இருக்கேல்லை. கப்பலில எழுதின கடைசிக் குறிப்பு நவம்பர் 25 காலமை, அசோர்ஸில இருக்கிற சாண்டா மரியா தீவுக்குக் கிட்ட. அதுக்கும் கண்டுபிடிச்சதுக்கும் இடையில ஒன்பது நாள். ஒன்பது நாளா எந்தத் தேத்தண்ணி சூடா இருக்கும்? கதையின்ர முதல் வரியே அந்த இடத்தில உடைஞ்சு போகுது.

இப்ப முன்னுக்கு இருக்கிற அண்ணையவை எனக்கு உதவி செய்யவேணும். கடலில வள்ளத்தை விட்டு இறங்கவேண்டி வந்தா எதைத் தூக்குவீங்கள்? ஜீபிஎஸ்ஸைத் தூக்குவீங்கள். மேரி செலஸ்டில காணாமப் போனது என்ன எண்டு பாருங்கோ. இருந்த ஒரே சின்னப் படகு இல்லை, நேரம் பாக்கிற குரோனோமீற்றர் இல்லை, கப்பல் நிக்கிற இடத்தைக் கணிக்கிற செக்ஸ்டன்ற் கருவி இல்லை, கப்பல் பத்திரங்கள் இல்லை. அப்ப இவை தங்கட காலால, யோசிச்சு இறங்கின ஆக்கள். ஆனா மாலுமியளின்ர சுங்கானும் புகையிலையும் அப்பிடியே கிடந்தது, உடுப்புக் கிடந்தது, ஆறு மாசத்துக்குக் காணக்கூடிய சாப்பாடு கிடந்தது. புகைக்கிறவன் புகையிலையை மறந்து போறான் எண்டா அவன் எவ்வளவு அவதியில போயிருப்பான், திரும்பி வருவம் எண்டு எவ்வளவு நம்பியிருப்பான்.

என்னத்துக்குப் பயந்தவை? அடித்தளத்தில மூண்டரை அடித் தண்ணி நிண்டது, அந்தளவு கப்பலுக்கு அது தாழுற தண்ணி இல்லை. ஆனா தண்ணி இறைக்கிற பம்ப் ஒண்டு கழட்டிக் கிடந்தது, தண்ணி அளக்கிற கோல் மேல்தட்டில கிடந்தது, அதாவது எவ்வளவு தண்ணி ஏறிட்டுது எண்டு ஆரோ பதைச்சு அளந்திருக்கினம். மற்றது அந்த அல்ககோல். ஜெனோவாவில இறக்கேக்க ஒன்பது பீப்பா வெறுமையா இருந்தது. குளிர் ஊரில ஏத்தின சாமான், அசோர்ஸ் பக்கம் வெக்கை, ஒழுகின அல்ககோல் ஆவியா எழும்பியிருக்கும், கப்பல் வெடிக்கப்போகுது எண்டு கப்டன் நினைச்சிருக்கலாம், ரெண்டு வயசுப் பிள்ளை மடியில இருக்கேக்க எந்தத் தகப்பன் நிண்டு பரிசோதிப்பான்? நெருப்புத் தடயம் ஒண்டும் இல்லையே எண்டு கனகாலம் இதைத் தள்ளிவிட்டவை, 2006இல லண்டன் யூனிவேர்சிற்றி கொலிஜில அந்திரேயா செல்லா எண்ட இரசாயனப் பேராசிரியர் மாதிரி அடித்தளம் ஒண்டு செய்து, பீப்பாவுக்குப் பதிலா கடதாசிக் கட்டியள் வைச்சு, வாயுவைக் கொளுத்திப் பாத்தவர், பெரிய சுவாலை ஒண்டு எழும்பினது, கடதாசி கருகேல்லை.

பாய் தூக்கிற கயிறு ஒண்டும் அறுந்து கிடந்தது. படகில இறங்கி, கப்பலோட கயித்தால கட்டிக்கொண்டு, கொஞ்சம் விலத்தி நிண்டு பாப்பம் எண்டு நினைச்சிருக்கலாம் எண்டதுதான் எனக்குப் படுகிற விளக்கம். காத்து எழும்பிக் கயிறு அறுந்தா, பாய் விரிச்ச கப்பலை 10 பேர் ஏறின சின்னப் படகால துடுப்புப் போட்டுப் பிடிக்க ஏலுமே? வாடைக்காத்தில தொழில் செய்த ஆக்களுக்கு நான் இதைச் சொல்லித் தரத் தேவையில்லை.

அப்ப பொய் எங்க இருந்து வந்தது? ஜிப்ரால்டரில சோலி ஃபிளட் எண்ட அரச வழக்கறிஞர் இது கொலைதான் எண்டு நிண்டவர், வாளில கண்ட கறையை ரத்தம் எண்டவர், பரிசோதிச்சா ரத்தம் இல்லை. கப்பலைக் காப்பாத்திக் கொண்டு வந்த ஆக்களுக்கு 1,700 பவுண்தான் குடுத்தவை, கப்பலும் சாமானும் சேத்த பெறுமதியில ஐஞ்சில ஒரு பங்கு, சந்தேகம் அவையளில அப்பிடியே ஒட்டிக்கொண்டு போச்சுது. 1884இல ஆர்தர் கொனன் டொயில், ஷெர்லக் ஹோம்ஸைப் பிறகு படைச்ச அதே ஆள், பேர் போடாமல் ஒரு சிறுகதை எழுதினவர், அதில கப்பலின்ர பேர் மாரி செலஸ்ட், படகெல்லாம் கட்டினபடியே இருந்தது. கற்பனைக் கதை எண்டுதான் அவர் எழுதினது, வாசிச்ச ஆக்களில சிலர் அதை நடந்த சம்பவம் எண்டு எடுத்திட்டினம், இண்டைக்கும் கனபேர் அந்தப் பிழைப் பேரைத்தான் சொல்லுகினம். 1913இல இன்னொரு பத்திரிகையில தப்பிப் பிழைச்ச ஒருத்தரின்ர வாக்குமூலம் எண்டு ஒண்டு வந்தது, அதில 282 டொன் கப்பல் 600 டொன்னாப் போச்சு, மாலுமியள் எல்லாம் ஆங்கிலேயர் ஆயிட்டினம். கப்பலின்ர முடிவு வேற, 1885இல ஹெயிட்டிப் பக்கம் இன்சூரன்ஸ் காசுக்காக ஒரு கப்டன் வேணுமெண்டு பாறையில ஏத்தி உடைச்சவன். அதில மர்மம் ஒண்டும் இல்லை.

எங்கட முல்லைத்தீவுக் கரையையே பாருங்கோ. 2006 டிசம்பரில 14,000 டொன் அரிசியோட வந்த ஜோர்தான் கப்பல் ஃபாரா, கன வருசமா முள்ளிவாய்க்கால் கரையில துருப்பிடிச்சு நிண்டது, நாங்கள் கண்ணால பாத்த கப்பல், அதுக்கே ஊரில எத்தினை கதை. 2024 டிசம்பர் 19 அதே கடலுக்கு 100க்கு மேற்பட்ட மியன்மார் ரோஹிங்கியாச் சனத்தோட ஒரு படகு வந்தது, எங்கட தொழிலாளியள்தான் கண்டு உதவினவை. அந்தப் படகில ஆக்கள் உயிரோட இருந்தவை, தங்களுக்கு நடந்ததைத் தங்கட வாயால சொன்னவை. மேரி செலஸ்டில சொல்ல ஒருத்தரும் இல்லை, அதாலதான் வந்தவன் போனவன் எல்லாம் அந்த இடத்தில தன்ர கதையைக் கொண்டுவந்து வைச்சவன்.

சிலாவத்தைத் தீர்த்தக்கரையில எடுக்கிற கடல்தண்ணியில வற்றாப்பளை அம்மனுக்கு விளக்கெரியுதே, அதையும் பொய் எண்டு சொல்லுவீங்களோ எண்டு வாசலில ஒரு தம்பி கேட்டவர். இல்லைத் தம்பி, அது எங்கட நேர்த்தி, எங்கட நம்பிக்கை. நான் கதைக்கிறது செத்துப்போன மனிசருக்கு என்ன நடந்தது எண்டு ஆக்கள் சொல்லுறதைப் பற்றி.

நான் ஆறாம் வகுப்புப் படிக்கேக்க என்ர சித்தப்பா தொழிலுக்குப் போனவர். ரெண்டு நாள் கழிச்சு வள்ளம் மட்டும் அளம்பில் பக்கம் ஒதுங்கினது, வலை கிடந்தது, வெத்திலைப் பை கிடந்தது. அண்டைக்குப் பின்னேரமே கதை துவங்கிட்டுது. இந்தியாவில மறியலில கண்டதா ஒருத்தர், புத்தி மாறி மன்னார் பஸ் ஸ்ராண்டில நிக்கிறார் எண்டு இன்னொருத்தர், கடனுக்குப் பயந்து தானே ஓடினவர் எண்டு வேறொருத்தர். என்ர அப்பம்மா ஒவ்வொரு கதைக்கும் வெளிக்கிட்டவ. மன்னாருக்கு ரெண்டு தரம் போனவ, புது வேட்டி ஒண்டும் பையில கொண்டு போனவ, அவர் கிழிஞ்ச உடுப்போட நிப்பார் எண்டு. கதை சொன்ன ஆக்கள் கெட்டவை இல்லை, ஒரு பின்னேரத்துக் கதை அவையளுக்கு. அப்பம்மாவுக்கு அது ஒரு வருசம்.

அதாலதான் ஆர்தரை ஞாபகத்தில வைச்சிருங்கோ எண்டு சொன்னனான். அந்தப் பெடியன் வளந்து பெரியாளாகி, தாயும் தேப்பனும் தங்கச்சியும் போன கப்பலைப் பற்றி ஊர் உலகம் சொன்ன கதையெல்லாம் கேட்டுக்கொண்டு வாழ்ந்திருக்கிறான்.

வீடியோக்களில வராத பேருகளை வாசிச்சுப்போட்டு என்ர இடத்தில போய் இருக்கிறன். பெஞ்சமின் பிறிக்ஸ். சேரா பிறிக்ஸ். குழந்தை சோஃபியா மட்டில்டா. முதல் அதிகாரி அல்பேர்ட் ரிச்சட்சன். ரெண்டாம் அதிகாரி அன்ட்ரூ கில்லிங். சமையல் பாத்த எட்வேட் ஹெட். ஜேர்மன் மாலுமியள் நாலு பேர்: அண்ணன் தம்பி வோல்கேர்ட் லோரன்சன், போஸ் லோரன்சன், பிறகு அரியன் மார்ட்டன்ஸ், கொட்லீப் கூட்ஷாட்.